வீட்டுத் தோட்டத்தில் ஹேசல்நட் புதர்: கன்று வாங்குவது முதல் கொட்டை காயவைப்பது வரை

டொரண்டோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கும் நம் ஆட்கள் கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, குளிர்காலம் வந்ததும் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுகிறார்கள். பின்தோட்டத்து மண்ணிலேயே நிரந்தரமாக நின்று, பனியையும் தாங்கி, தின்ன ஏதாவது தரும் செடி வேண்டும் என்று தேடும்போது ஹேசல்நட் கண்ணில் படுகிறது. நல்ல தேர்வுதான். ஆனால் நட்டவர்களில் பலர் ஆறேழு வருடம் கழித்தும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு பெரும்பாலும் நர்சரியில் பணம் கட்டும்போதே நடந்துவிடுகிறது. அதனால் இங்கே குழி தோண்டும் வேலை ஐந்தாவது படியில்தான் வரும்.

நான் சொல்வதெல்லாம் தெற்கு ஒன்டாரியோவை மனதில் வைத்து. பக்கத்து அமெரிக்க மாநிலங்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

தொடங்கும் முன்

புதர் ஒவ்வொன்றும் 3 முதல் 4 மீட்டர் வரை உயரமும் அதே அளவு அகலமும் வளரும். குறைந்தது இரண்டு வேண்டும். அந்த இடம் உங்களிடம் இருக்கிறதா என்று தரையில் சுண்ணாம்பாலோ கயிற்றாலோ வட்டம் போட்டுப் பாருங்கள். மனக்கணக்கில் எல்லாத் தோட்டமும் பெரிதுதான்.

வீட்டில் யாருக்காவது கொட்டை ஒவ்வாமையோ, வசந்த காலத்தில் பிர்ச் மர மகரந்தத்தால் தும்மலும் கண் அரிப்புமோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். ஹேசல் மகரந்தமும் பிர்ச் மகரந்தமும் நெருங்கிய உறவு. பிர்ச் ஒத்துக்கொள்ளாத பலருக்கு இந்தக் கொட்டையைத் தின்றாலே வாய் அரிக்கும்.

வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை: மண்வெட்டி, கூர்மையான கவாத்துக் கத்தரி, ஒரு சிறிய ரம்பம், 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை, மூடாக்குக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடி வைக்க, மரச்சில்லு. பழைய அட்டைப்பெட்டிகளை எறியாமல் சேர்த்து வையுங்கள்.

ஊருக்கு விதை கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பெரும்பாலான ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1200 மணி நேரம் வரை தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டு ஒழுங்காக விழிக்காது.

1. சரியான செடியைத் தேர்ந்தெடுங்கள்

நர்சரிகளில் ஹேசல் என்ற பெயரோடு மூன்று ஏமாற்றங்கள் நிற்கும். விட்ச் ஹேசல் வேறு குடும்பத்துச் செடி, தின்னக் கொட்டை தராது. கிளைகள் சுருள் சுருளாக முறுக்கி வளரும் அலங்கார ஹேசல் பார்க்க அழகு, ஆனால் கொட்டைக்காக வளர்ப்பதல்ல. ஊதா இலை ஹேசலையும் அழகுக்காகத்தான் விற்கிறார்கள். லேபிளில் கொட்டை படம் போட்டிருந்தாலும் ரகத்தின் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது நோய். கிழக்கு வட அமெரிக்கா முழுக்க ஹேசல் கருகல் நோய்ப் பூஞ்சை இருக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய அமெரிக்க ஹேசல் அதோடு பழகிவிட்டது. கடைகளில் வரும் பெரிய கொட்டையைத் தரும் ஐரோப்பிய ஹேசலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எதிர்ப்பு இல்லாத ஐரோப்பிய ரகத்தை இங்கே நட்டால் சில ஆண்டு நன்றாக வளரும், காய்க்கத் தொடங்கும் சமயத்தில் கிளை கிளையாகச் சாகும். இணையத்தில் பார்த்த பிரபலமான பழைய ஐரோப்பிய ரகத்தைத் தேடி அலைவதில் பயனில்லை என்பது இதனால்தான்.

இங்கே கேட்க வேண்டியது நோய் தாங்கும் ரகங்களை. ஒன்டாரியோவில் ஸ்லேட் போன்றவை நீண்ட நாளாக நடப்படுகின்றன. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2020-ல் ராரிட்டன், மன்மத், ஹண்டர்டன், சாமர்செட் ஆகியவற்றைக் கிழக்குப் பகுதிக்கென்றே வெளியிட்டது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன், யாம்ஹில் இரண்டும் நல்ல ரகங்கள்தான். ஆனால் அவற்றின் எதிர்ப்பு கேஸவே என்ற ஒரே ஹேசல் ரகத்திலிருந்து வந்த ஒற்றை மரபணு. கிழக்கில் பூஞ்சையின் வகைகள் அதிகம் என்பதால் அந்த ஒற்றைப் பூட்டு எல்லா இடத்திலும் தாங்குவதில்லை. எல்லையைத் தாண்டிக் காரில் கன்று ஏற்றி வரும் யோசனை இருந்தால் விடுங்கள். தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் விடமாட்டார்கள்.

விதைக் கன்றா, பதியன் கன்றா? விதைக் கன்று மலிவு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், காய்க்கவும் தாமதம். பெயருள்ள ரகத்தின் பதியன் கன்று அல்லது திசு வளர்ப்புக் கன்று மூன்று நான்கு ஆண்டில் முதல் கொட்டையைக் காட்டும். ஒட்டுக் கன்றாக இருந்தால், அடியிலிருந்து கிளம்பும் தளிரெல்லாம் வேர்க்கன்றின் ரகம், நீங்கள் காசு கொடுத்த ரகம் அல்ல. ஒட்டுக்குக் கீழே வருவதை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். புதராக வளர்க்க நினைப்பவர் பதியன் கன்றே கேளுங்கள்.

2. ஜோடியைச் சேர்த்தே வாங்குங்கள்

ஹேசல் புதரில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. அதனால் ஒன்று போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் இது. ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினாலும் பலனில்லை. பதியனில் வந்தவை என்பதால் மரபணுவில் இரண்டும் ஒன்றுதான். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரே ரகத்தில் இரண்டு நட்டு, வருடக்கணக்கில் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

வேறு வேறு ரகம் என்றாலும் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. மகரந்தப் பொருத்தத்துக்கென்று மரபணுக்கள் இருக்கின்றன, அவை ஒத்துப்போனால் பூவே மகரந்தத்தைத் தடுத்துவிடும். கொட்டை மரங்களையே தொழிலாக வைத்திருக்கும் நர்சரியில் இதற்குப் பொருத்த அட்டவணை இருக்கும். ஜாதகம் பார்ப்பதைக் கேலி செய்பவர்களும் இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

பூக்கும் காலமும் ஒத்துவர வேண்டும். ஒன்று மகரந்தம் உதிர்த்து முடித்த பிறகு மற்றது கண் திறந்தால் வீண். இடம் இருந்தால் மூன்று ரகம் வைப்பது இதனால்தான் நல்லது. ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் மூன்றாவது கைகொடுக்கும்.

3. இடம்

ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில். நிழலிலும் புதர் உயிரோடு இருக்கும், கொட்டை மட்டும் குறையும். அண்டை வீட்டு நார்வே மேப்பிளின் நிழல் கோடையில் எதுவரை வருகிறது என்று ஜூன் மாதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பார்த்தால் எல்லா இடமும் வெயிலாகத்தான் தெரியும்.

மகரந்தத்தைக் காற்றுதான் சுமக்கிறது, தேனீக்கு வேலையில்லை. ஆகவே ஜோடிகள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவே வீடோ கொட்டகையோ வேண்டாம். தனித்தனிப் புதராக வேண்டுமானால் 4 மீட்டர் இடைவெளி, வேலி போல அடர்த்தியாக வேண்டுமானால் 2 மீட்டர்.

வேலியிலிருந்து 2 மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருடன் வரும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், வேலி என்பது அணிலின் நெடுஞ்சாலை.

4. முந்தைய இலையுதிர் காலத்தில் மண்ணைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். வசந்தத்தில் நடுவதற்கு அக்டோபரிலேயே வேலை தொடங்க வேண்டும்.

முதலில் வடிகால் சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சிறு குழி எடுத்து நீர் ஊற்றி வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டராவது இறங்கினால் சரி. புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, கனரக வண்டி ஓடி இறுகிய களிமண்மேல் ஒரு விரற்கடை மண்ணைத் தூவிப் புல் விரித்திருப்பார்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழி தோண்டவே கூடாது. 30 சென்டிமீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஹேசலின் வேர் பெரும்பாலும் மேல் 60 சென்டிமீட்டருக்குள்தான் ஓடும். அது தண்ணீரில் ஊறினால் அழுகிவிடும்.

அடுத்தது மண் பரிசோதனை. கார அமில அளவு 6-லிருந்து 7-க்குள் இருந்தால் ஹேசலுக்குப் பிடிக்கும். தெற்கு ஒன்டாரியோவில் அடியில் சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்கள் அதிகம், பல தோட்டங்களில் அளவு ஏற்கெனவே 7-ஐத் தாண்டியிருக்கும். எனவே அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் நம் பழக்கத்தை இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும், இலை வெளுக்கும்.

மூன்றாவது, புல். நட வேண்டிய இடத்தில் ஒரு மீட்டர் வட்டத்துக்கு அட்டையை விரித்து, நனைத்து, மேலே மரச்சில்லு போட்டுவிடுங்கள். பனிக்காலம் முடிவதற்குள் புல் செத்திருக்கும். இளம் ஹேசலுக்குப் புல்தான் முதல் எதிரி. வேர்கள் இரண்டுக்கும் ஒரே ஆழம், ஒரே தண்ணீர்.

5. நடவு

தோண்டும் முன் ஒன்டாரியோ ஒன் காலுக்குச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை, சட்டப்படி கட்டாயமும்கூட. எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் வழியைத் தரையில் வண்ணக் குறியிட்டுக் காட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், கன்று வந்து இறங்கிய பிறகு காத்திருக்கக் கூடாது.

மண்ணில்லாமல் வேரோடு மட்டும் வரும் கன்றை ஏப்ரலில், மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும் நட வேண்டும். வேரை ஓரிரு மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். அப்புறம் குழிக்குக் கொண்டுபோகும்வரை ஈரச் சாக்கால் மூடியே இருக்கட்டும். பத்து நிமிட வெயில் போதும், மெல்லிய வேர் முடிகள் காய்ந்துவிட.

குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். வேர் மடங்காமல் விரியும் அளவைவிட இரு மடங்கு அகலம், வேரின் உயர அளவுக்கே ஆழம். தண்டில் நர்சரி மண் இருந்த நிறமாற்றக் கோடு தெரியும், அந்தக் கோடு தரைமட்டத்தில் நிற்க வேண்டும்.

ஊரில் தென்னைக்கும் மாவுக்கும் குழியில் எருவைக் கொட்டி நட்ட கை இங்கேயும் சும்மா இருக்காது. களிமண்ணில் தோண்டிய குழியை மட்டும் மக்கு உரத்தால் நிரப்பினால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கும். வேரும் அந்த வட்டத்தைவிட்டு வெளியே போகாது. தோண்டிய மண்ணையே கட்டி உடைத்துத் திரும்பப் போடுங்கள். எருவை மேலே, மூடாக்குக்கு அடியில் பரப்புங்கள்.

15 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணை அமரவிடுங்கள். வேரோடு மட்டும் வந்த கன்றானால் உச்சியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பறித்தபோது வேரில் பெரும்பகுதி போயிருக்கும், மிச்ச வேரால் முழு இலையையும் தாங்க முடியாது. மரச்சில்லு மூடாக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர். தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டுப் போடுங்கள்.

6. முதல் மூன்று ஆண்டு

தண்ணீர்தான் முக்கியம். மழையும் சேர்த்து வாரம் 2.5 சென்டிமீட்டர் அளவு. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுவது மேல்.

முதல் ஆண்டு உரம் வேண்டாம். பிறகு வசந்தத்தில் மட்டும், புதுத்தளிரின் நீளம் பார்த்து. இளம் புதரில் தளிர் ஒரு பருவத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் எதுவும் போட வேண்டாம். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் முற்றாமலே குளிரில் மாட்டிக்கொண்டு நுனி கருகும்.

நவம்பரில் கம்பி வலையை உருளையாக்கித் தண்டைச் சுற்றி வைத்து, அடியை 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதையுங்கள். பனிக்கு அடியில் வயல் எலி பட்டையைக் கொறிக்கும், பனிக்கு மேலே முயல். பனி 30 சென்டிமீட்டர் சேர்ந்தால் முயலும் அவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது. 60 சென்டிமீட்டர் வலை போதும் என்று நினைத்தால் மார்ச்சில் வலைக்கு மேலே பட்டை உரிந்திருக்கும். 90 சென்டிமீட்டர் வையுங்கள்.

7. கவாத்து

கொட்டை சென்ற ஆண்டுத் தளிரில் காய்க்கும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும். வேலி போல இயந்திரக் கத்தரியால் வெளிப்புறத்தைச் சீவினால் அடுத்த ஆண்டு விளைச்சலைச் சீவியாகிவிட்டது.

முதல் நான்கு ஆண்டு கிட்டத்தட்ட கை வைக்க வேண்டாம். அதன்பின் 6 முதல் 8 வரை நல்ல தண்டுகளை வைத்துக்கொண்டு, தூரிலிருந்து கிளம்பும் மற்ற பக்கக்கன்றுகளை ஒரு சாண் உயரத்திலேயே கிழித்தெடுங்கள். ஏழெட்டு ஆண்டு ஆனதும், ஆண்டுக்கு ஒரு முதிர்ந்த தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு ஒரு இளம் பக்கக்கன்றுக்கு இடம் கொடுங்கள். வேலைக்கு ஏற்ற நேரம் பிப்ரவரி இறுதி, மார்ச்; மழை இல்லாத நாள்.

8. கருகல் நோய்க்குக் கிளைகளைப் பாருங்கள்

நோய் தாங்கும் ரகமானாலும் குளிர்காலத்தில் ஒருமுறை ஒவ்வொரு கிளையையும் பாருங்கள். இலையில்லாத சமயத்தில்தான் தெரியும். பட்டையைப் பிளந்துகொண்டு கரிய, நீள்வட்டப் புடைப்புகள் வரிசையாக, கோடு பிடித்தாற்போல நிற்கும். கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும்.

தொற்று நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகே இது வெளியே தெரிகிறது. வசந்த மழையில் இளந்தளிர் வழியாக நுழைந்த பூஞ்சை அதுவரை உள்ளே சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். அதனால் புண் தெரியும் இடத்தோடு வெட்டினால் போதாது. அதற்கும் கீழே, தண்டை நோக்கி 60 முதல் 90 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். வெட்டியதை வேலியோரம் குவிக்காமல் மொட்டு விரியும் முன்பே எரித்தோ புதைத்தோ விடுங்கள். உங்கள் நகராட்சி எரிக்க விடாவிட்டால் புதைப்பதே வழி.

9. மார்ச், ஏப்ரலில் பூவைக் கவனியுங்கள்

ஆண் பூச்சரம் முந்தைய கோடையிலேயே தோன்றி, குளிர் முழுவதும் விறைத்துத் தொங்கும். வசந்தத்தில் நீண்டு தளர்ந்து, தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். பெண் பூவைப் பார்க்காமலே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாதாரண மொட்டு போலத்தான் இருக்கும், அதன் நுனியில் குங்குமப்பூ இழை போலச் சில சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பூ.

இரண்டும் எந்தத் தேதியில் எந்தப் புதரில் விரிகிறது என்று சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பின்னால் கொட்டை இல்லையென்றால் காரணம் அங்கேயே இருக்கும். சிவப்பு நூல் இருந்தும் பக்கத்துப் புதரில் மஞ்சள் தூள் இல்லையா? ஜோடி தவறு. சரங்கள் பழுப்பேறி மொறமொறவென்று உதிர்கின்றனவா? கடுங்குளிரில் செத்துவிட்டன. அந்த ஆண்டை மட்டும் காப்பாற்ற, வேறு ரகம் வளர்க்கும் நண்பரிடமிருந்து நோயற்ற, சரம் உள்ள கிளையை வாங்கி, நீர் நிரப்பிய குப்பியில் செருகி உங்கள் புதருக்குள் கட்டித் தொங்கவிடுங்கள்.

மகரந்தம் விழுந்த உடனே கரு உண்டாவதில்லை. கோடை தொடங்கும்வரை காத்திருந்தே கருவுறும், பருப்பு ஜூலை, ஆகஸ்டில் நிரம்பும். அந்த இரண்டு மாதம் வளர்ந்த புதருக்கும் தண்ணீர் காட்டுங்கள், வறட்சியில் பருப்பு சூம்பிவிடும்.

10. அணிலுக்கு முன்னால் பறியுங்கள்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை ரகத்துக்கு ஏற்பப் பழுக்கும். தானாக உதிரும்வரை காத்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. நகர அணிலுக்கும் நீல ஜே பறவைக்கும் உங்களைவிட நாள் நன்றாகத் தெரியும்.

பதம் பார்க்கும் விதம்: கொத்தைக் கையில் பிடித்து, பச்சை உறைக்குள் இருக்கும் கொட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்புங்கள். உறையைவிட்டுக் கழன்று உள்ளேயே சுழன்றால் பறிக்கலாம், உறை இன்னும் பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் இன்னும் ஒரு வாரம். முதலில் தானாக விழுபவை பெரும்பாலும் பதர்க் கொட்டைகள், அவற்றைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

அணிலைத் தடுக்க, கடைசி மூன்று நான்கு வாரம் விரல் நுழையாத சின்னக் கண் வலையைப் புதர் முழுக்கப் போர்த்தி அடியில் இறுக்கிக் கட்டுவதே ஓரளவு பலன் தருகிறது. பெரிய கண் வலையில் பறவை மாட்டிச் சாகும். மிளகாய்த்தூள், சோப்பு, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் நமக்குத்தான் ஆறுதல். பொறி வைத்துப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடவும் ஒன்டாரியோ சட்டம் இடம் தராது, பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். அது திரும்பி வந்துவிடும், வராவிட்டால் வேறொன்று வரும்.

ஓட்டில் துல்லியமான சின்ன வட்டத் துளை தெரிந்தால் அது கூன்வண்டின் புழு வெளியேறிய வழி. அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் குளிரைக் கழிக்கும். அதனால் கீழே விழும் கொட்டைகளைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

11. காயவைத்தல்

பறித்த கொத்துகளை ஓரிரு நாள் நிழலில் விரித்தால் உறை வாடிக் கொட்டை எளிதில் உதிரும். உடனே வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது பெரும்பாலும் பதர், எடுத்துவிடலாம். இதைப் பச்சைக் கொட்டையில் மட்டும் செய்யுங்கள், காய்ந்தபின் நல்லதும் மிதக்கும்.

அப்புறம் ஒரே அடுக்காகச் சல்லடைத் தட்டில் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம். கராஜில் வைத்தால் கதவு இடுக்கை அடைத்துவிடுங்கள், எலிக்கும் அணிலுக்கும் மூக்கு கூர்மை. தினமும் ஒருமுறை கையால் கிளறுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: பச்சையில் வெள்ளையாக, கடித்தால் வளைந்துகொடுக்கும் பருப்பு, காய்ந்ததும் பாலாடை நிறமாகி மடக்கென்று உடையும். அந்தச் சத்தம் வரும்வரை டப்பாவில் அடைக்க வேண்டாம், பூசணம் பிடிக்கும்.

ஓட்டோடு துணிப்பையில் கட்டிக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த அறுவடைவரை வரும். உடைத்த பருப்பானால் உறைபெட்டிக்கே அனுப்புங்கள், வெளியில் வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வறுக்க, 150 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 12 முதல் 15 நிமிடம். சூட்டோடு சமையல் துண்டில் முடிந்து தேய்த்தால் தோலில் பெரும்பகுதி கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் மிச்சத்தோடு தின்னலாம், கொஞ்சம் துவர்க்கும்.